ஒப்பந்தப்புள்ளியா, நேரடி நியமனமா: எல்லையோர நகராட்சிகளின் தூய்மைப் பணிக்கு எந்த வழி?

கேரள எல்லையை ஒட்டிய நம்முடைய சிறு நகராட்சிகளில் தூய்மைப் பணிக்கு ஆள் வழங்கும் ஒப்பந்தம் முடியும் தறுவாயில், நகர்மன்றக் கூட்டப் பொருளில் ஒரு பத்தி தவறாமல் இடம்பெறும். அதே பணியை மேலும் ஓராண்டுக்கு வெளிமுகமை மூலம் மேற்கொள்ள ஒப்பந்தப்புள்ளி கோரலாம் என்றும், செலவை வருவாய் நிதியிலிருந்து மேற்கொள்ளலாம் என்றும் அலுவலகக் குறிப்பு சொல்லும். "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்" என்று அது முடியும். குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் காட்டும் ஆர்வத்தில் கால்பங்குகூட இல்லாமல் மன்றம் அதை நிறைவேற்றிவிடும். 2024 டிசம்பரிலிருந்து உச்ச நீதிமன்றம் வழங்கிவரும் தீர்ப்புகளும், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அந்தப் பத்தியின் பின்விளைவுகளைப் பெரிதாக்கிவிட்டன. செங்கோட்டை, கூடலூர், குழித்துறை போன்ற ஊர்களின் அளவுள்ள ஒரு நகராட்சி நாற்பது முதல் எண்பது வரையிலான வெளிப்பணியாளர்களைக் கொண்டு ஊரைத் துப்புரவாக வைத்திருக்கிறது என்று கொண்டு, அதன் முன்னுள்ள வழிகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒப்பீடு எளிது. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் பச்சை மேலங்கி அணிந்த ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று பிளாஸ்டிக்கைச் சேகரிக்கிறார்கள். வடக்கே திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்தவர்களுக்கு நகரி, புத்தூர் நகராட்சிகளில் ஆந்திர அரசின் வெளிமுகமைக் கழகம் வழியாகச் சம்பளம் பெறும் பணியாளர்களைத் தெரியும். ஒரே வேலைக்கு மூன்று மாநிலங்களும் மூன்று விதமான வேலையளிப்பவர்களை உருவாக்கியிருக்கின்றன.

உமாதேவி தீர்ப்பும் அதன் பின்னும்

2006 ஏப்ரல் 10 அன்று கர்நாடக அரசுக்கும் உமாதேவிக்கும் இடையிலான வழக்கில் அரசியல் சாசன அமர்வு வழங்கிய தீர்ப்பு, பொதுத் துறை அலுவலகங்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் கேடயமாகப் பயன்பட்டுவருகிறது. முறையான அறிவிப்பும் தெரிவும் இல்லாமல் தற்காலிகமாக வந்தவர்கள் நிரந்தரம் கோர முடியாது என்பதே அதன் சாரமாக எல்லா எதிருரைகளிலும் எடுத்தாளப்பட்டது. அதே தீர்ப்பு, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் நீதிமன்றத் தடையுத்தரவின் துணையின்றிப் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர்களை ஒருமுறை நடவடிக்கையாகப் பணிவரன்முறை (முறைப்படி நிரந்தரமாக்குதல்) செய்யுமாறும், நிரந்தரத் தேவையுள்ள பணிகளுக்கு முறையான நியமனம் நடத்துமாறும் சொன்னது. கேடயமாகப் பிடித்தவர்கள் இந்தப் பகுதியைப் படிக்கவில்லை, அல்லது படித்தும் கடந்து சென்றார்கள்.

2024 டிசம்பர் 20 அன்று வெளிவந்த ஜக்கோ வழக்கின் தீர்ப்பு இந்த வசதியைக் குலைத்தது. மத்திய நீர்வள ஆணையத்தின் அலுவலகத்தில் பெருக்கித் துடைத்தல், தோட்டப் பராமரிப்பு போன்ற வேலைகளைப் பல ஆண்டுகள் செய்தவர்கள் 2018 அக்டோபரில் திடீரென நீக்கப்பட்டார்கள். அவர்களைப் பணிவரன்முறை செய்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதோடு, நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்குத் தற்காலிகப் பெயர் சூட்டுவதையும், அந்த வேலையை வெளிமுகமைக்கு மாற்றிப் பழைய பணியாளர்களின் உரிமையை அழிப்பதையும் கண்டித்தது.

நகராட்சிகளுக்கு நேரடியாகப் பொருந்துவது அடுத்து வந்த ஸ்ரீபால் வழக்கு. காசியாபாத் மாநகராட்சியின் பூங்காக்களில் 1998, 1999 முதல் வேலை செய்த தோட்டப் பணியாளர்கள் 2005 ஜூலையில் அறிவிப்பின்றி நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்று மாநகராட்சி வாதிட்டது. அதை நிறுவும் நம்பத்தகுந்த ஆவணத்தை அதனால் காட்ட இயலவில்லை. 2025 ஜனவரி 31 அன்று வந்த தீர்ப்பு, உமாதேவி வழக்கைக் காட்டித் தொழிற்சட்டப் பாதுகாப்பைப் பறிக்க முடியாது என்று கூறி, மீண்டும் பணியில் சேர்க்கவும், இடைப்பட்ட காலத்து ஊதியத்தில் பாதியை வழங்கவும், பணிவரன்முறைக்கான நடவடிக்கையைத் தொடங்கவும் உத்தரவிட்டது. இருபது ஆண்டு ஊதியத்தில் பாதி என்றால் ஒரு சிறு நகராட்சிக்கு என்ன பொருள் என்பதை வரிவசூல் பதிவேட்டைப் பார்ப்பவர்கள் அறிவார்கள்.

2025 ஆகஸ்ட் 19 அன்று தரம் சிங் வழக்கில், உத்தரப் பிரதேச உயர்கல்விப் பணிகள் ஆணையத்தின் தினக்கூலிப் பணியாளர்கள் தொடர்பாக, நிதி நெருக்கடி என்ற ஒற்றைக் காரணத்தைச் சொல்லிப் பணியிடம் உருவாக்க மறுப்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. தேவைப்பட்டால் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் மிகைப் பணியிடங்களை உருவாக்கியேனும் அவர்களைச் சேர்க்கச் சொன்னது.

எல்லாத் தீர்ப்புகளும் ஒரே திசையில் செல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆந்திராவின் நந்தியால் நகராட்சி தொடர்பான வழக்கில் 2026 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்கள் நிரந்தரப் பணியாளர்களுக்குச் சமமான ஊதியமும் பலன்களும் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு "இனி எல்லாவற்றையும் ஒப்பந்ததாரரிடம் விட்டுவிடலாம்" என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். காசியாபாத்தில் எடுபடாத வாதம் நந்தியாலில் எடுபட்டதற்கு வழக்குக்கு வழக்கு வேறுபடும் சூழல் காரணம் என்றே நான் படிக்கிறேன். உண்மையான ஒப்பந்ததாரர் இடையில் இருந்தாரா, அல்லது பில் போடுவதற்கு மட்டும் ஒரு பெயர் இருந்ததா என்ற கேள்விக்கு நகராட்சியின் சொந்தப் பதிவேடுகளே விடை சொல்லிவிடும்.

மஸ்டர் யார் கையில்?

ஒப்பந்தம் போலியானது என்று நிறுவப்பட்டால் தொழிலாளர்கள் முதன்மை வேலையளிப்பவரின் (ஒப்பந்ததாரர் மூலம் வேலை வாங்கும் அமைப்பின்) நேரடிப் பணியாளர்களாகவே கருதப்படுவார்கள் என்பது, 2001-இல் இந்திய உருக்கு ஆணையம் தொடர்பான அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பிலிருந்து நிலைத்துவிட்ட சட்டம். யார் நியமிக்கிறார், யார் ஊதியம் தருகிறார், யார் நீக்குகிறார், யார் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கிறார், மேற்பார்வையும் கட்டுப்பாடும் யாரிடம் உள்ளன என்ற கேள்விகளை 2014-இல் பல்வந்த் ராய் சலூஜா வழக்கு முன்வைத்தது.

இக்கேள்விகளை நம் ஊரின் வார்டு அலுவலக வாசலில் விடிவதற்கு முன் கேட்டுப் பாருங்கள். மேஸ்திரி பெயர் வாசிக்கிறார். பணியாளர் குரல் கொடுக்கிறார். இன்னார் பேருந்து நிலையம், இன்னார் சந்தைத் தெரு, இன்னார் பேட்டரி வண்டி என்று இடம் பிரிக்கிறார். அந்த மேஸ்திரி நகராட்சிப் பணியாளர். ஆறு மணிக்குள் வரும் துப்புரவு ஆய்வாளர் மஸ்டர் எனப்படும் வருகைப் பதிவேட்டில் சுருக்கொப்பமிட்டு, வராதவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் குறி போடுகிறார். மகளுக்குக் காய்ச்சல் என்று விடுப்புக் கேட்கும் பெண் அவரிடம்தான் கேட்கிறார். சரியாகப் பெருக்கவில்லை என்றால் திட்டுவதும், இரண்டு நாள் நிறுத்திவைப்பதும் அவர்தான். ஒப்பந்ததாரரின் ஆள் சம்பளப் பட்டியலில் கையெழுத்து வாங்க மாதம் ஒருமுறை வருவார்; அந்தப் பட்டியலும் நகராட்சியின் மஸ்டரைப் பார்த்து நகலெடுத்ததாக இருக்கும். ஒப்பந்ததாரர்கள் நான்கு முறை மாறியிருப்பார்கள். பெயர் வாசிக்கப்படும் வரிசை மாறியிருக்காது. இந்த நிலையில் உள்ள ஒரு நகராட்சி நந்தியால் தீர்ப்பை நம்பி வழக்காடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒப்பந்ததாரர் வழி

இந்த வழியின் கவர்ச்சி வெளிப்படையானது. பணியிட அனுமதிக்காக நகராட்சி நிர்வாக இயக்குநரகத்துக்குக் கோப்பு அனுப்ப வேண்டியதில்லை. ஓய்வூதியப் பொறுப்பு இல்லை. சம்பளக் கணக்கு அலுவலகத்தின் தலையில் விழாது. இதனுடன் புதிய தொகுப்புகள் இன்னொரு வசதியையும் தருவதுபோல் தோன்றுகின்றன. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருபது பேர் இருந்தாலே பொருந்தியது. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பின் ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி ஐம்பது பேர் இருந்தால்தான் பொருந்தும். நாற்பத்தைந்து பேரை ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் நகராட்சிக்கு அந்தப் பகுதியின் கடமைகள் இனி இல்லை.

ஐம்பதைத் தொட்டுவிட்டால் நிலைமை வேறு. அந்தத் தொகுப்பின் 57-ஆம் பிரிவு, நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதைத் தடை செய்கிறது. பெருக்குதல், குப்பை சேகரித்தல், அகற்றுதல் உள்ளிட்ட துப்புரவு வேலைகள் மையப் பணி ஆகாது என்று வரையறை சொல்கிறது. ஆனால் அந்த விலக்கு, நிறுவனம் அந்த வேலைக்காகவே அமைக்கப்படாதிருந்தால் மட்டும் என்ற நிபந்தனையுடன் வருகிறது. ஒரு வங்கிக்கோ ஆலைக்கோ துப்புரவு துணைப் பணிதான். நகராட்சி என்ற அமைப்பு எதற்காக இருக்கிறது? பொதுச் சுகாதாரமும் திடக்கழிவு மேலாண்மையும் அரசியல் சாசனத்தின் பன்னிரண்டாம் அட்டவணையிலேயே நகராட்சியின் பணிகளாக எழுதப்பட்டிருக்கின்றன. வழக்கமாக ஒப்பந்ததாரர் மூலமே நடைபெறும் பணி என்ற விதிவிலக்கை நிர்வாகம் காட்டலாம். தொழிற்சங்க வழக்கறிஞர் மறுப்பார். தீர்வு வரும்வரை ஒவ்வோர் ஒப்பந்தப்புள்ளியும் வழக்கின் நிழலில்தான் நடக்கும். ஐம்பதுக்குக் கீழே காட்டுவதற்காக ஒரே வேலையை இரண்டு ஒப்பந்தங்களாகப் பிரிக்கும் யோசனையும் இப்போதே காதில் விழுகிறது. வரம்பு ஒப்பந்ததாரருக்கு மட்டுமன்றி நிறுவனத்துக்கும் தனியாகப் பொருந்துவதால், அந்த யோசனையால் நகராட்சி தப்பாது. தணிக்கைத் தடைதான் மிஞ்சும்.

பணப் பொறுப்பைப் பொறுத்தவரை எண்ணிக்கை வரம்பு உதவாது. ஊதியத் தொகுப்பின்படி மாத ஊதியம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வழங்கப்பட வேண்டும். ஒப்பந்ததாரர் தராவிட்டால் நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும். மூன்று ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கோரிக்கை மனு தாக்கல் செய்யலாம். தீர்மானிக்கப்பட்ட தொகையைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரம் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளின் தூய்மைப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்த 2017 அக்டோபர் 11-ஆம் தேதியிட்ட அரசாணை (2டி) எண் 62-ஐத் தொழிற்சங்கத்தினர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நம் நகர்மன்றங்களில் அதைப் படித்தவர்கள் குறைவு. அடிப்படை ஊதியத்தைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் காட்டிக் குறைந்த விலைப்புள்ளி கொடுக்கும் பழக்கத்துக்கும் இனி இடமில்லை. விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி ஊதியத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும்.

பி.எஃப். பிடித்தம் தனிக் கதை. சம்பளச் சீட்டில் பன்னிரண்டு சதவீதம் பிடித்ததாக இருக்கும். பணியாளர் தம் கைப்பேசியில் கணக்கைத் திறந்து பார்த்தால் பல மாதங்கள் காலியாக இருக்கும். செலுத்தாத தொகைக்கு இறுதியில் வருங்கால வைப்பு நிதி அலுவலகம் முதன்மை வேலையளிப்பவரின் கதவையே தட்டும். கழிவுநீர்த் தொட்டியில் உயிரிழப்பு நேர்ந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இறந்தவர் ஒப்பந்ததாரரின் ஆள் என்று சொல்லி உள்ளாட்சி விலகி நிற்க முடியாது. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயத்தின் தலையீட்டுக்குப் பின் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டதை நாம் பார்த்தோம். ஊசியும் ரத்தம் தோய்ந்த கட்டுத்துணியும் கலந்த குப்பையைக் கையால் பிரிக்கும் அபாயம் எல்லையோரப் பணியாளருக்குக் கூடுதலாக உண்டு. கையுறை வாங்காமல் மிச்சம் பிடிக்கும் ஒப்பந்ததாரருக்கு இந்த அபாயம் விலைப்புள்ளியில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

2025 ஆகஸ்டில் சென்னையில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் விட்டபோது, ரிப்பன் மாளிகை வாசலில் பணியாளர்கள் நடத்திய போராட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாநகராட்சித் தீர்மானத்தை ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. கடைசியாகப் பெற்ற ஊதியம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறியது. தனியாரிடம் விடும் அதிகாரம் உள்ளாட்சிக்கு உண்டு, ஆனால் அதில் எதிர்பார்த்த சேமிப்பு கிட்டாது என்பதே இதிலிருந்து நிதிக்குழு உறுப்பினர் எடுத்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

எல்லைக்கு அப்பாலிருந்து இரண்டு மாதிரிகள்

கேரளத்தின் ஹரித கர்ம சேனை, அம்மாநில அரசின் மகளிர் குழு இயக்கமான குடும்பஸ்ரீ அமைப்பின் சிறுதொழில் குழுக்களாக இயங்குகிறது. உறுப்பினர்கள் ஊராட்சியின் பணியாளர்கள் அல்லர். மாதந்தோறும் வீட்டுக்கு ஊராட்சிகளில் 50 ரூபாயும் நகராட்சிகளில் 70 ரூபாயும் என்ற அளவில் பெறப்படும் பயனர் கட்டணமே முதன்மை வருமானம். நம் பக்கத்தில் சுய உதவிக் குழுக்கள் மூலம் இதைச் செய்யலாம் என்ற கருத்து அவ்வப்போது எழுகிறது. மட்கும் குப்பையை ஊராட்சி அள்ளாமல் வீட்டிலேயே உரமாக்கச் சொல்லும் கேரளத்தில், மாதம் ஓரிரு முறை வந்து பிளாஸ்டிக்கை மட்டும் வாங்கிச் செல்வது ஒரு தொழில்முனைவாக நிற்க முடியும். அன்றாடம் தெருப் பெருக்கி, சாக்கடை தூர்வாரி, மேஸ்திரி சொல்லும் இடத்தில் நிற்க வேண்டிய பணியை அதே பெயரில் அழைத்தால் அது ஊதியம் பெறும் வேலைதான். சென்னையில் போராடியவர்களே நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் சுய உதவிக் குழுக்கள் வழியாக வந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. உலர் குப்பைச் சேகரிப்பு மட்டும் என்றால் இந்த வழி ஏற்கத்தக்கது. அதற்கு மேல் வேண்டாம். கேரளத்தின் இன்னொரு பழக்கம், வேலைவாய்ப்பகம் மூலம் எடுப்பவர்களை 179 நாளில் நிறுத்துவது. முறையான பட்டியலிலிருந்து எடுப்பது அதில் நல்ல பகுதி. நாள் கணக்கில் வெட்டுவதைக் கடன் வாங்க வேண்டியதில்லை. கேரள அரசு புதிய தொகுப்புகளை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று 2025 நவம்பரில் அறிவித்ததால், அங்குள்ள நடைமுறையை அப்படியே இங்கு எடுத்துவருவதிலும் கவனம் தேவை.

ஆந்திரம் 2020 ஜூலையில் தொடங்கிய வெளிமுகமைப் பணிகள் கழகம் இடைத்தரகரை நீக்கியது. சம்பளம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. தரகுப் பணம் பிடிப்பது நின்றது. அதன் பின்னும் 2023 டிசம்பர் இறுதியில் நகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் மாநிலம் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தரகர் போனார், தகுதிநிலை மாறவில்லை. எப்படியிருந்தாலும் இது மாநில அரசு எடுக்க வேண்டிய முடிவு. ஒரு நகர்மன்றத்தின் தீர்மானத்தால் ஆகக்கூடியது அன்று.

நேரடி நியமனம்

நேரடியாக எடுப்பதில் நிர்வாகிகளின் அச்சம் ஒன்றுதான்: பத்து ஆண்டு கழித்து நிரந்தரம் கேட்பார்கள். கேட்பார்கள் என்பது உண்மை. ஒப்பந்ததாரர் வழியிலும் கேட்கிறார்கள், காசியாபாத்தில் வென்றும் இருக்கிறார்கள். அந்த நாள் வரும்போது நகராட்சியின் கையில் என்ன பதிவு இருக்கும் என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. அறிவிப்பு வெளியிட்டு, வேலைவாய்ப்பகப் பட்டியல் பெற்று, இடஒதுக்கீட்டுச் சுழற்சியைப் பின்பற்றி எடுக்கப்பட்டவரைப் பின்னாளில் பணியிடத்தில் அமர்த்தினால் அது உமாதேவி தீர்ப்பு கண்டித்த புறவாசல் நுழைவாகாது. ஒப்பந்ததாரரின் பட்டியலில் இருந்தவரை அமர்த்தும்போது அந்தக் கேள்வி எப்போதும் எழும். ஏற்கெனவே வேலை செய்பவர்களுக்கு வயது வரம்புத் தளர்வும் அனுபவத்துக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் அரசின் ஒப்புதலுடன் தருவதே நேர்மையும் பாதுகாப்புமாகும்.

தொழிலுறவுத் தொகுப்பு, குறித்த காலப் பணி என்பதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. குறித்த காலத்துக்கு எழுத்து மூலம் எடுக்கப்படுபவருக்கு, அதே வேலையைச் செய்யும் நிரந்தரப் பணியாளரைவிடக் குறைவான வேலை நிபந்தனையோ ஊதியமோ இருக்கக் கூடாது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி ஓராண்டு முடித்தாலே விகிதாசாரப் பணிக்கொடை உண்டு. தொழிலுறவுத் தொகுப்பு பொருந்த வேண்டுமானால் நகராட்சியின் துப்புரவுப் பிரிவு தொழில் என்ற வரையறைக்குள் வர வேண்டும்; அது வருமா என்று சிலர் கேட்பார்கள். 1950-களின் தொடக்கத்திலேயே பஜ்பஜ் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஆம் என்று விடை சொல்லிவிட்டது. புதிய வரையறை அரசின் இறையாண்மைச் செயல்களுக்கு விலக்கு அளிக்கிறது. தெருவைப் பெருக்குவதை அந்தப் பட்டியலில் சேர்க்க எந்த வழக்கறிஞருக்கும் மிகுந்த துணிச்சல் வேண்டும்.

செலவை மறைக்காமல் சொல்ல வேண்டும். தற்காலிகப் பணியாளர் நிரந்தரப் பணியாளரின் அதே வேலையைச் செய்தால் ஊதிய விகிதத்தின் தொடக்க நிலையையேனும் பெற வேண்டும் என்று 2016 அக்டோபர் 26 அன்று ஜக்ஜித் சிங் வழக்கு சொல்லிவிட்டது. புதிய தொகுப்பு அதை உறுதிப்படுத்துகிறது. பெண்களே பெரும்பான்மையாக உள்ள இந்தப் பணியில் மகப்பேற்றுப் பலனுக்கும் நிதி ஒதுக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக அந்தப் பலனை இடையில் நிறுத்த முடியாது என்பது 2023 ஆகஸ்டில் கவிதா யாதவ் வழக்கில் முடிவானது. ஆகவே நேரடி நியமனம் மாதச் செலவில் ஒப்பந்தத்தைவிட மலிவாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. முகமையின் சேவைக் கட்டணம் மிச்சமாகும். பணிக்கொடையும் மகப்பேறும் கூடும். கூட்டிக் கழித்தால் சில ஊர்களில் செலவு கூடவே செய்யும். ஆனால் அது முன்கூட்டியே தெரியும் செலவு, வரவு-செலவுத் திட்டத்தில் தலைப்பிட்டு எழுதக்கூடிய செலவு. இருபது ஆண்டு கழித்து ஒரே நாளில் வரும் தீர்ப்பை எந்தத் தலைப்பில் எழுதுவது?

தவிர்க்க வேண்டியது செயற்கை இடைவெளி. ஓராண்டுத் தொடர்பணியாகக் கணக்கிடப்படும் 240 நாள் ஆகிவிடக் கூடாது என்று மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீண்டும் கூப்பிடுவது நம் அலுவலகங்களின் பழைய வித்தை. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் இருபத்து நான்கு மாதங்களில் 480 நாள் என்று கணக்கிடுகிறது. அந்தச் சட்டம் எல்லா வகை நிறுவனங்களுக்கும் பொருந்துவதில்லை என்றாலும், பொருந்துகிற இடத்தில் சிறு இடைவெளிகள் பெரிதாகக் காப்பாற்றுவதில்லை. நீதிமன்றத்தின் முன் இத்தகைய இடைவெளிகள் நிர்வாகத்துக்கு எதிரான சான்றாகவே முடிகின்றன.

எதைத் தேர்வது

அனுமதிக்கப்பட்ட காலிப் பணியிடம் இருந்தால் அதை நிரப்புவதைவிடச் சிறந்த வழி எதுவும் இல்லை. அதில் விவாதத்துக்கு இடமில்லை. இல்லாத இடத்தில், ஆண்டு முழுவதும் நடைபெறும் தெருப் பெருக்குதல், ஈரக் குப்பைச் சேகரிப்பு, வடிகால் பராமரிப்பு, நுண்ணுர மையம் ஆகியவற்றுக்குக் குறித்த கால நேரடி நியமனத்தையே நான் தேர்வேன். அதே தீர்மானத்தில், அந்த எண்ணிக்கைக்குச் சமமான பணியிடங்களை உருவாக்க அரசுக்குக் கருத்துரு அனுப்ப வேண்டும். தரம் சிங் தீர்ப்புக்குப் பின் அத்தகைய கருத்துருவை நிதியைக் காரணம் காட்டி ஒரே வரியில் திருப்புவது அரசுக்கும் எளிதல்ல. திருப்பினாலும், முயன்றோம் என்ற பதிவு நகராட்சியிடம் இருக்கும்.

ஒப்பந்ததாரருக்கு விடத்தக்கவை எஞ்சியிருக்கின்றன. பழைய குப்பைமேட்டைச் சலித்து அகற்றும் பணி, லாரிகளையும் பொக்லைனையும் இயக்கிப் பராமரிப்பது, குற்றால சீசன், சபரிமலை சீசன் போன்ற மாதங்களில் கூடும் வேலை ஆகியவற்றில் ஒப்பந்ததாரர் தம் கருவி, தம் மேற்பார்வையாளர், தம் வருகைப் பதிவேடு ஆகியவற்றுடன் வந்து, டன் கணக்கிலோ நாள் கணக்கிலோ முடித்துத் தருகிறார். அங்கே அவர் உண்மையான ஒப்பந்ததாரர். நகராட்சியின் துப்புரவு ஆய்வாளர் அந்த ஆட்களின் மஸ்டரில் கையெழுத்திடாமல் இருக்கும்வரை அந்த உண்மை நிலைக்கும்.

ஐம்பதுக்கும் கீழான எண்ணிக்கையுள்ள ஊர்கள் ஒப்பந்தத்திலேயே தொடர முடிவெடுத்தால், அதற்கான சட்டத் தடை இப்போது குறைவு. ஆனால் ஒப்பந்ததாரரின் மாதப் பட்டியலை, முந்தைய மாதத்தின் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. செலுத்துச் சீட்டு ஒவ்வொரு பணியாளர் பெயருடனும் இணைக்கப்படாமல் கணக்குப் பிரிவு அனுமதிக்கக் கூடாது என்பதையும், வார்டுகளில் ஒப்பந்ததாரரின் சொந்த மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும்.

எந்த வழியானாலும் நடப்பு ஒப்பந்தம் முடியும் நாளுக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இப்போது வேலை செய்யும் ஒவ்வொருவரும் எந்த ஆண்டிலிருந்து வருகிறார், எந்தெந்த ஒப்பந்ததாரரின் கீழ் இருந்தார், பி.எஃப். எந்த மாதம் வரை செலுத்தப்பட்டிருக்கிறது என்று வருகைப் பதிவேடுகளைக் கொண்டு பட்டியல் தயாரித்து, பணியாளரிடமும் ஒரு நகல் கொடுத்து, நிலுவையை ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையிலிருந்து பிடித்த பிறகே அத்தொகையை விடுவிக்க வேண்டும். வைப்புத்தொகை ஒருமுறை கை மாறிவிட்டால், அந்த நிலுவை நகராட்சியின் வருவாய் நிதியிலிருந்துதான் போகும்.